கழுவிவிட்டு வந்த கால்கள்

போன வாரம் என் கைப்பேசிக்கு ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு செய்திகள் வந்தன. முதலாவது, கூட வேலை பார்க்கும் நண்பர் அனுப்பிய காணொளி. 'கிறிஸ்தவம் தேய்கிறதா? அன்பைப் போதித்தவர்கள் அன்பாக இருக்கிறார்களா?' என்று தலைப்பு. நான்கு பேர் நான்கு கட்டங்களுக்குள் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள். அன்பு என்ற சொல்லை அவ்வளவு கோபமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஒருவர் "அன்பு!" என்று மேசையில் குத்திய குத்தில் அவருக்கு முன்னால் இருந்த தண்ணீர் டம்ளர் கட்டத்தை விட்டே வெளியே போய்விட்டது. 'உங்க ஆளுங்கதானே, பதில் சொல்லுங்க' என்று நண்பர் கீழே எழுதியிருந்தார். இரண்டாயிரம் வருட விவகாரத்துக்கு மதியச் சாப்பாட்டுக்குள் பதில் வேண்டுமாம்.

இரண்டாவது, எங்கள் ஊர்ப் பங்குக் கோயிலின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. 'அன்பார்ந்த இறைமக்களே, பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்குக்கு இதுவரை ஏழு பேர்தான் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் ஐந்து பேர் உடனடியாகத் தேவை.' அதற்குக் கீழே துபாயிலிருந்து மூன்று ஆமென், திருப்பூரிலிருந்து வரிசையாகக் கட்டைவிரல்கள், பெங்களூரிலிருந்து தானாக ஆடும் ஒரு பூங்கொத்து. விரல் தந்தவர்கள் பலர். கால் தந்தவர் ஒருவரும் இல்லை.

இந்தச் சடங்கு தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இயேசு பிடிபடுவதற்கு முந்தைய கடைசிச் சாப்பாட்டின்போது, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, தன் சீடர்கள் பன்னிரண்டு பேரின் கால்களையும் வேலைக்காரனைப் போலக் கழுவினார். அதை நினைவுகூர்ந்து, பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் சாயங்காலப் பூசையில் சாமியார் ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவார். அவ்வளவுதான். அன்பைப் பற்றிக் கட்டத்துக்குள் உட்கார்ந்து பேசாமல், செம்பையும் துண்டையும் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுகிற சடங்கு.

கிறிஸ்தவம் தேய்கிறதா வளர்கிறதா என்று எனக்குத் தெரியாது. கணக்கெடுப்பவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். எனக்குத் தெரிந்தது எங்கள் கோயிலில் போடப்படும் பன்னிரண்டு நாற்காலிகளின் சங்கதி மட்டும்தான். இன்று ஆள் கிடைக்காத அதே நாற்காலிகளுக்கு ஒரு காலத்தில் எங்கள் ஊரில் சிபாரிசு பிடித்தோம் என்றால் நம்புவீர்களா?

இந்தச் செய்தியை நான் குளியலறையில் வைத்துத்தான் படித்தேன். (வேறு எங்கே நிம்மதியாக ஏதாவது படிக்க முடிகிறது?) நிமிர்ந்தால் எதிரே கால் தேய்க்கும் கல். இப்போதெல்லாம் அது ரோஜா நிறத்தில், பிளாஸ்டிக் கைப்பிடி வைத்து வருகிறது. எங்கள் வீட்டில் அன்று அது உடைந்த செங்கல். கல்லைப் பார்த்ததும் என் மூக்கில் வேப்பம் புண்ணாக்கு வாடை ஏறியது. கல்லுக்கும் புண்ணாக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். நடுவில் ஒரு கல்யாணம் இருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சின்னமனூரில் ஓர் உரக்கடையில் எழுத்தர் வேலை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் எனக்கு முன்னால் என் வாடை போய்ச் சேர்ந்திருக்கும். அம்மா அடுப்படியிலிருந்தே "வந்துட்டான்" என்பாள். நான் அப்போதுதான் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருப்பேன். அந்தக் கடையில் மூட்டை ஏற்றி இறக்குகிற பெருமாள் எனக்குச் சிநேகிதன். மார்க்கையன்கோட்டைக்காரன். மூட்டைக்குக் கீழே நடந்து போகிற ஒரு ஜோடிக் காலாகத்தான் நான் அவனை முதலில் அறிந்தேன். முகத்தைப் பார்க்க இரண்டு நாள் ஆயிற்று. அதனாலோ என்னவோ பெருமாள் என்றால் இன்றைக்கும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவன் கால்கள்தான். அகலமாக, வயல் வரப்புப் போல வெடித்து, ஒவ்வொரு வெடிப்பிலும் ஒவ்வொரு உரம் படிந்து கிடக்கும். ஒரு நல்ல மழை பெய்தால் அதில் ஏதாவது முளைத்துவிடும் என்று கடையில் எல்லோரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த வருடம், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. ராயப்பன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த ஆரோக்கியசாமி என்பவரின் மகள் அமலி. தவக்காலம் நாற்பது நாளும் எங்களில் கல்யாணம் கிடையாது, பெண் பார்ப்பது, மாப்பிள்ளை பார்ப்பது எதுவும் கிடையாது. ஆனால் பூசைக்கு எந்த ஊர்க் கோயிலுக்கு வேண்டுமானாலும் போகலாம் அல்லவா? போகிற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டா இருக்க முடியும்? திருச்சபைச் சட்டத்தில் எங்கள் பக்கத்து ஆட்கள் கண்டுபிடித்திருந்த ஓட்டை இது.

"பொண்ணு வீட்டுக்காரக பெரிய வியாழன் சாயந்தரம் நம்ம கோயிலுக்கு வர்றாக" என்றாள் அம்மா. "சும்மா பூசைக்கு வர்ற மாதிரி வர்றாக. நீயும் சும்மா இருக்கிற மாதிரி இரு."

"நான் எப்பவும் சும்மாதானம்மா இருக்கேன்."

"அது அவுகளுக்குத் தெரியக்கூடாதுல்ல? அதுக்குத்தான் ஒன்னையப் பன்னெண்டு பேத்துல சேக்கச் சொல்லப் போறேன். வெள்ள வேட்டி கட்டி எல்லாருக்கும் முன்னால உக்காந்திருப்ப. மூஞ்சியப் பாக்கலாம், நடையப் பாக்கலாம், காலப் பாக்கலாம். அந்தாளு திராட்சக்காரரு. காம்பப் பாத்துத்தான் கொலைய எடுப்பாராம்."

ஆக, என்னைக் காம்போடு காட்டுவதற்கு ஏற்பாடாயிற்று.

இங்கே எங்கள் ஊரின் ஒரு மூடநம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். (ஊர் பெயரைச் சொல்லவில்லை. ராயப்பன்பட்டிக்கு இரண்டு ஊர் தள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். சொன்னால் இப்போதும் நாலு பேர் சண்டைக்கு வருவார்கள்.) பள்ளிக்கூடத்து மர நாற்காலிகள் பன்னிரண்டைப் பீடத்துக்கு முன்னால் வரிசையாகப் போடுவார்கள். முதல் நாற்காலி தலைமைச் சீடர் இராயப்பருடையது. அது ஊர்ப் பெரியவருக்கு. இரண்டாவது, மூன்றாவது, நான்காவதெல்லாம் செல்வாக்குக்குத் தகுந்தபடி. பன்னிரண்டாவது மட்டும் யூதாஸுடையது. இயேசுவைக் காட்டிக்கொடுத்தவன் நாற்காலி. வேதத்தில் அப்படி எந்த நாற்காலியும் கிடையாது. சாமியாரும் வருடாவருடம் பிரசங்கத்தில் "பன்னிரண்டும் ஒன்றுதான்" என்று சொல்லிப் பார்த்தார். ஊர் பயபக்தியோடு தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, பன்னிரண்டாவதில் மட்டும் உட்காராது. முன்னொரு காலத்தில் தெரியாமல் அதில் உட்கார்ந்துவிட்ட ஒருவருக்கு அந்த வருடமே கிணற்று மோட்டார் புகைந்ததாம். மாடு தொடர்ந்து காளைக்கன்றாகப் போட்டதாம். ஊரில் எந்த ரகசியம் வெளியே போனாலும் எல்லோரும் அவர் வீட்டுப் பக்கமே பார்த்தார்களாம்.

அதற்குப் பிறகு அந்த நாற்காலி உபதேசியார் சவரிமுத்துவின் தலையில் விழுந்தது. செபம் சொல்லிக்கொடுப்பது, மணியடிப்பது, யூதாஸாக உட்காருவது மூன்றும் அவர் வேலை. ஆனால் நான் சொல்கிற வருடம், தவக்கால வழக்கப்படி புனிதர்களின் சுரூபங்களையெல்லாம் ஊதாத் துணியால் மூடும்போது, அந்தோணியாருக்கு முக்காடு போட ஏணியில் ஏறினவர் அந்தோணியாரை விட்டுவிட்டுத் தான் மட்டும் கீழே வந்தார். வலது காலில் முழங்கால் வரை மாவுக்கட்டு. கட்டை எப்படிக் கழுவுவது? பன்னிரண்டாவது நாற்காலிக்கு ஆள் இல்லாமல் போயிற்று.

அம்மா ஒரு செவ்வாழைத் தாரோடு உபதேசியார் வீட்டுக்குப் போனாள். தார் தூக்கிக்கொண்டு நானும் போனேன். அவர் கட்டுப்போட்ட காலை முக்காலியில் நீட்டி, ஒருசந்தி விரதம் இருந்துகொண்டிருந்தார். பழத்தைப் பார்த்ததும், "பழந்தான ஆத்தா, ஒருசந்தியில சேராது" என்று தீர்ப்புச் சொல்லி, ஒன்றை உரித்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பிக்கு மூணாவது நாக்காலி. யாகப்பர். பொண்ணு வீட்டுக்காரக உக்கார்ற எடத்துக்கு நேரே வரும்."

அதே மூன்றாவது நாற்காலியை ஒரு சாக்கு தேங்காய்க்கு அரிசி மில்காரருக்கும் அவர் சொல்லியிருந்தது அப்போது எங்களுக்குத் தெரியாது. பன்னிரண்டாவதுக்கு ஆள் பிடிக்க வழியில்லாமல், ஒரே நாற்காலியை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டு, மீதியைக் கடவுளிடம் ஒப்படைத்திருந்தார்.

பிறகு ஒரு வாரம் என் கால்கள் பட்ட பாடு. செங்கல், சுண்ணாம்பு, மஞ்சள், விளக்கெண்ணெய். நான் மட்டுமல்ல. அந்தப் புதன்கிழமை வாய்க்கால் படித்துறைக்குப் போனால் இராயப்பர் முதற்கொண்டு அத்தனை அப்போஸ்தலர்களும் வரிசையாக உட்கார்ந்து குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அழுக்குக் காலைச் சாமியாரிடம் நீட்டினால் குடும்ப மானம் என்ன ஆவது? நான் கடையிலும் கழுவினேன். பெருமாள் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஏன் மாப்ள, அன்னிக்குக் கால அவருதான கழுவப்போறாரு?"

"ஆமா."

"அப்ப நீ எதுக்குக் கழுவுற?"

"அழுக்கா நீட்டுனா அவரு என்ன நெனப்பாரு?"

"கழுவிட்டு நீட்டுனா அவரு என்னத்தக் கழுவுவாரு?"

"அது ஒரு அடையாளம்யா."

"என்னமோ போ. நெசமாவே கழுவணும்னா எங்கிட்ட அனுப்பி விடு. இங்கன ரெண்டு மூட்டைக்குச் சரக்கு இருக்கு" என்று தன் பாதத்தைத் தூக்கிக் காட்டினான்.

பெரிய வியாழன் வந்தது. கோயிலுக்கு முன்னாலிருந்த குழாயடியில் ஒரே சேறு. காலைக் கழுவிவிட்டுத் திரும்பினால் சேற்றில் மிதிக்காமல் வெளியே வர முடியாது. மிதித்தால் மறுபடி கழுவ வேண்டும். கழுவினால் மறுபடி மிதிக்க வேண்டும். இந்தச் சுழற்சியில் நான் எத்தனை நேரம் இருந்தேனோ, உள்ளே போனபோது பிரசங்கம் முடிந்து, பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது நாற்காலியில் அரிசி மில்காரர் இருக்கையின் இரண்டு ஓரங்களையும் இறுகப் பற்றிக்கொண்டு, ஆகாய விமானத்தில் கிளம்பப்போகிறவர் போல உட்கார்ந்திருந்தார். காலியாக இருந்தது பன்னிரண்டாவது மட்டும்.

ஓரத்து பெஞ்சில் மாவுக்கட்டோடு இருந்த உபதேசியாரைப் பார்த்தேன். 'மூணாவது?' என்று கண்ணால் கேட்டேன். அவர் உடனே கண்ணை மூடிச் செபத்தில் ஆழ்ந்துவிட்டார். ஆண்கள் பக்கம் இரண்டாவது வரிசையில் ஆரோக்கியசாமி. பெண்கள் பக்கம் தூணோரமாக, தலையில் முக்காட்டோடு, நீலச் சேலையில் அமலி. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் யூதாஸ் மாப்பிள்ளை. உட்காராவிட்டால்? அதை நான் யோசிக்கவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, 'இது என்னுடையதல்ல, என் பாதுகாப்பில் இருக்கிறது' என்பதுபோல நின்றேன்.

சாமியார் துண்டைக் கட்டிக்கொண்டு இராயப்பரிடமிருந்து ஆரம்பித்தார். ஒரு செம்புத் தண்ணீர், ஒரு துடைப்பு, ஒரு முத்தம். அடுத்த கால். எனக்கு எதிரே மரணம் முழங்காலிட்டு நகர்ந்து வருவது போலிருந்தது. அப்போது வாசலில் பெருமாளைப் பார்த்தேன். லாரியில் சரக்கு இறக்கிவிட்டு, என் சம்பந்தத்தை வேடிக்கை பார்க்க அப்படியே வந்திருந்தான். நான் அவனைக் கூப்பிட்டேன் என்று சொல்ல முடியாது. ஆனால் என் புருவங்கள் கூப்பிட்டன. அவன் நடுவழியாக நேரே நடந்து வந்தான்.

"என்ன மாப்ள, நாக்காலி சும்மா கெடக்கு, நீ நிக்கிற?"

"நீ உக்காரு."

"நானா? கும்புடுறவக கோவிச்சுக்க மாட்டாகளா?"

"மாட்டாக. உக்காருய்யா."

உட்கார்ந்துவிட்டான். அந்த நாற்காலியில் உட்காராமலேயே யூதாஸ் ஆவதற்கு ஒரு வழி இருக்கிறது என்பதை எங்கள் ஊர் வரலாற்றில் முதலில் கண்டுபிடித்தவன் நான்தான்.

சாமியார் பன்னிரண்டாவதுக்கு வந்தார். அதுவரை பதினோரு கால்களைக் கழுவிய தண்ணீர் பேசினில் தெளிவாக, எடுத்துக் குடிக்கலாம் போல இருந்தது. அவர் பெருமாளின் காலைப் பார்த்தார். நிமிர்ந்து பெருமாளின் முகத்தைப் பார்த்தார். மறுபடி காலைப் பார்த்தார். பிறகு செம்பைச் சாய்த்தார். தண்ணீர் முதலில் வெள்ளையாக வந்தது, யூரியா. பிறகு செம்மண் நிறம், பொட்டாஷ். அப்புறம் கறுப்பாக ஒன்று வந்தது, அது எங்கள் கடையிலேயே கிடையாது. இரண்டாவது செம்பு, மூன்றாவது செம்பு. பாடகர் குழு பாட்டை முடித்துவிட்டு, விழித்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. சாமியார் முழங்காலிட்டிருந்தவர் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். விரல் இடுக்கில் கைவைத்தபோது பெருமாள் நெளிந்தான்.

"சாமி... சாமி... கூசுது சாமி!"

"அசையாம இருய்யா."

"ஐயோ, அங்கன வேணாம் சாமி!" என்று ஒரு சிரிப்புச் சிரித்தான் பாருங்கள். மூட்டை தூக்குகிற நெஞ்சிலிருந்து வந்த சிரிப்பு. கோயில் முழுக்க எதிரொலித்தது. சிரிக்கவே கூடாத நாளில், சிரிக்கவே கூடாத இடத்தில் மொத்தச் சனமும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. சாமியாரும் சிரித்தார். அதோடே காலைத் துடைத்தார். வெள்ளைத் துண்டு அதற்குப் பிறகு வெள்ளையாக இல்லை. பிறகு குனிந்து அந்தப் பாதத்தில் முத்தமிட்டார். பெருமாளின் சிரிப்பு சட்டென்று நின்றது. "இருக்கட்டும் சாமி" என்றான், யாருக்கும் கேட்காத குரலில். பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

எங்கள் கோயில் கட்டிய நாளிலிருந்து, பாதம் கழுவும் சடங்கில் ஒரு பாதம் கழுவப்பட்டது அன்றைக்குத்தான்.

ஈஸ்டர் முடிந்து அம்மா ராயப்பன்பட்டிக்குப் போய் முடிவு கேட்டு வந்தாள். வந்ததும் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

"யூதாசு நாக்காலில உக்காந்திருந்தாக்கூடக் குடுத்திருப்பாராம். பயந்துக்கிட்டு அடுத்தவன உக்கார வச்சிட்டு நின்னவனுக்கு எப்பிடிப் பொண்ணக் குடுக்கிறதுங்கிறாக." அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "கூசுதுன்னு சிரிச்சுச்சே அந்தப் பையன், அதுக்குக் கல்யாணம் ஆயிருச்சான்னு வேற கேக்குறாக."

"அவனுக்கு ரெண்டு பிள்ளைக இருக்கும்மா."

"அதச் சொன்னேன். வருத்தப்பட்டாக."

நான் புண்ணாக்கு வாடையோடு மூலையில் உட்கார்ந்திருந்தேன். அம்மா கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள். "நான் கெளம்பயில அந்தப் பொண்ணு மட்டும் வாசல் வரைக்கும் வந்து ஒண்ணு சொல்லிச்சு. 'அடுத்த வருசம் அந்த நாக்காலில உக்காரட்டும் அத்தை, அப்பறம் பாப்போம்'னு."

அத்தை என்றாளாம். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் ஒரு வருடம் ஓட்டினேன்.

பெருமாளிடம் உண்மையைச் சொல்ல எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. கிட்டங்கியில், மூட்டை அடுக்குக்கு நடுவில், அவன் தப்பித்து ஓடவோ நான் தப்பித்து ஓடவோ வழியில்லாத இடத்தில் வைத்துச் சொன்னேன். அந்த நாற்காலி யாருடையது, யூதாஸ் என்ன செய்தான், நான் ஏன் நின்றேன் எல்லாவற்றையும். அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அவன் மூட்டைமேல் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான்.

"அந்தாளு காட்டிக்குடுக்கப் போறான்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் அவன் காலையும் கழுவுனாராக்கும்?"

"தெரிஞ்சேதான்."

பெருமாள் ஒரு இழுப்பு இழுத்தான். "அப்ப அதுதான்யா நல்ல நாக்காலி" என்றான்.

சின்ன வயதில் வேதம் படித்த ஞானோபதேச வகுப்பில் எனக்கு எல்லா வருடமும் முதல் பரிசு. சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்.

அடுத்த பெரிய வியாழன் நான் பூசைக்குக் கால் மணி நேரம் முன்னதாகவே போனேன். பன்னிரண்டாவது நாற்காலியில் பெருமாள் உட்கார்ந்திருந்தான். சாமியார் போன வருடமே அவனை வரச் சொல்லியிருந்தாராம்.

"எந்திரி பெருமாளு. இது என் நாக்காலி."

"போன வருசம் நீதான எனக்குக் குடுத்த?"

"கல்யாணம்யா! அந்தப் பொண்ணு அங்கன பாத்துக்கிட்டு இருக்கு!"

"மூணாவது சும்மாதான் கெடக்கு. போய் அதுல உக்காரு."

"எனக்கு மூணாவது வேண்டாம்!"

மற்றப் பத்துப் பேரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். யூதாஸ் நாற்காலிக்கு இரண்டு பேர் மல்லுக்கட்டுவதை அந்தக் கோயில் சுவர்கள் அதற்கு முன் கண்டதில்லை. கட்டுப் பிரித்த காலோடு உபதேசியார் ஓடி வந்து, கடைசியில் சாமியாரைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைத்தார். அவர் நாற்காலியின் அகலத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் அதிலேயே உக்காருங்கப்பா" என்றார். ஆளுக்கொரு பாதியாக, விழாமலிருக்க ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, பூசை முழுக்க உட்கார்ந்திருந்தோம். மூன்றாவது நாற்காலி சும்மாவே கிடந்தது. பெருமாளுக்கு மூன்று செம்பு. எனக்கு அரைச் செம்புகூடத் தேவைப்படவில்லை. அந்த வருடமும் நான் கழுவிவிட்டுத்தான் போயிருந்தேன். பழக்கம். பெண்கள் பக்கம் தூணோரத்தில் ஒரு நீலச் சேலை முக்காட்டைக் கடித்துக்கொண்டு குலுங்கியதைப் பார்த்தேன். வைகாசியில் கல்யாணம்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருடங்கள் பெருமாள் அந்த நாற்காலிக்கு வந்தான். வீரபாண்டி அம்மன் திருவிழாவுக்கு அக்கினிச்சட்டி எடுப்பான், அதே காலோடு பெரிய வியாழன் எங்கள் கோயிலுக்கும் வருவான். இரண்டிலும் அவனுக்கு வில்லங்கம் எதுவும் இருக்கவில்லை. அப்புறம் நான் வேலை மாறித் தேனியில் வீடு எடுத்தேன். சடங்குக்குப் போவது குறைந்து, பூசையை யூடியூபில் பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டேன். பிரசங்கத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்தால் இட்லி ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஊரிலும் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திருப்பூர், சென்னை, துபாய் என்று போனார்கள். பெண்கள் காலும் கழுவலாம் என்று ரோமிலிருந்தே உத்தரவு வந்தது, நல்லதுதான். ஆனால் அதற்குள் ஊரில் கால்களே குறைந்துவிட்டிருந்தன. கொரோனா காலத்தில் ஒரு வருடம் கைக்குத் தெளிக்கிற மருந்தைக் காலுக்குத் தெளித்து, துண்டுக்குப் பதில் காகிதத்தால் ஒற்றி எடுத்தார்கள். மருந்து போய்விட்டது. காகிதம் நிலைத்துவிட்டது.

போன வருடம் ஒரு நாள் ஊருக்குப் போயிருந்தபோது, கோயிலில் சடங்குக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த கல்லூரிப் பெண்ணிடம், "பன்னெண்டாவதுல யாரும்மா உக்காருவாக?" என்று கேட்டேன். "யாரு வேணா உக்காரலாம் அங்கிள், எல்லாம் ஒரே சேர்தான" என்றாள். ஆகா, ஊர் கடைசியில் யூதாஸை மன்னித்துவிட்டது என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் விசாரித்ததில், மன்னிக்கவில்லை, மறந்துவிட்டார்கள் என்று தெரிந்தது. ஒரு நாற்காலிக்காகத் தேங்காய் மூட்டை தூக்கிய அந்தப் பைத்தியக்காரக் கூட்டத்தை நினைத்து அன்று எனக்கு ஏக்கமாக இருந்தது என்றால் சிரிக்காதீர்கள். பயப்படுவதற்காவது அந்தக் கதையைத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டே குளியலறையிலிருந்து வெளியே வந்து பெருமாளுக்குப் போன் போட்டேன். இப்போது அவன் திருப்பூரில் மகள் வீட்டில், மூன்றாவது மாடியில் இருக்கிறான்.

"பெருமாளு, அஞ்சு பேரு கொறையுதாம். நாக்காலி காலியாக் கெடக்கு. வர்றியா?"

"வந்து? எங்காலு இப்ப இருக்கிற இருப்புக்கு என்னத்தக் கழுவுறது மாப்ள?" என்றான். "இங்கன வீட்டுக்குள்ளயே செருப்புப் போட்டு நடக்கச் சொல்லுது பேத்தி. வெடிப்பெல்லாம் மூடிப்போச்சு. ராத்திரி ஏதோ களிம்பு வேற தடவி விடுது. தொரைமாரு காலு மாதிரி ஆயிருச்சுய்யா. எனக்கே அடையாளம் தெரியல."

"கூசுமா இன்னும்?"

"யாரு தொடுறா, கூசுறதுக்கு?"

போனை வைத்துவிட்டுக் குழுவில் எழுதினேன்: 'நான் வருகிறேன்.' உடனே துபாயிலிருந்து ஓர் ஆமென் வந்தது. எழுதிய கையோடு ஒரு சபதமும் எடுத்துக்கொண்டேன். இந்தத் தடவை கழுவாமல் போவது. சாமியாருக்கு ஒரு வேலையாவது வைப்பது. காணொளி நண்பருக்கும் அதற்குப் பிறகே பதில் எழுதுவது.

சபதம் எடுப்பது சுலபம். கழுவாமல் போக வேண்டுமென்றால் முதலில் காலில் ஏதாவது இருக்க வேண்டுமே? ஆராய்ந்து பார்த்தேன். வீட்டுக்குள் டைல்ஸ். படிக்கட்டில் டைல்ஸ். தெருவில் சிமெண்டுக் கல் பதித்திருக்கிறார்கள். அலுவலகத்துக்கு ஷூ, அதற்குள் சாக்ஸ். இரண்டு நாள் குளிக்கும்போது காலை மட்டும் நீட்டிவைத்துக்கொண்டு குளித்துப் பார்த்தேன். பவுடர் போட்டதுபோல அப்படியே இருந்தது. ஒரு காலத்தில் கால் கழுவக் கழுவ வந்து ஒட்டிக்கொண்ட அந்தச் சேறு எங்கே போயிற்று? இந்தத் தேனியில், ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு கிறிஸ்தவனுக்கு ஒரு கைப்பிடி அழுக்கு கிடைக்கவில்லை.

கடைசியில் பெரிய வியாழன் மத்தியானம், பக்கத்து மனைக்குப் போனேன். வீடு கட்டுகிறார்கள். காலையில் தண்ணீர் அடித்து, நல்ல செம்மண் சேறாகக் கிடந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் போய் நின்றேன். சுற்றுமுற்றும் யாரும் இல்லை. காலை அழுத்தி இப்படியும் அப்படியும் திருப்பினேன். பெருமாள் இருந்தால் எவ்வளவு சந்தோஷப்படுவான் என்று நினைத்தபோது மாடி பால்கனியிலிருந்து அமலியின் குரல்.

"என்னங்க, அங்கன என்ன பண்றீக?"

"இன்னைக்குப் பூசைக்குக் கால்ல கொஞ்சம் அழுக்குச் சேத்துக்கிறேன்."

அவள் ஒரு நாற்காலிக்குப் பக்கத்தில் நான் நின்ற நிற்பை ஒரு சாயங்காலம் முழுக்கப் பார்த்தவள். கம்பியைப் பிடித்துக் கீழே குனிந்து, அதே மாதிரி பார்த்தாள்.

"மொதல்ல செருப்பக் கழட்டுங்க" என்றாள்.